மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று கேட்ட மகனுக்கு

கண்ணு, நேற்று நீ போனில் கேட்ட கேள்விக்கு "சாப்ட்டியாடா" என்று பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கே என் மேல் கோபம்தான். என்ன செய்வது, அது மளிகைக்கடை போன். கடைக்காரர் ஒரு காதை ரேடியோவுக்கும் இன்னொரு காதை எனக்கும் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். சீயக்காய் வாங்க வந்தவள் வாங்கி முடித்த பிறகும் நகராமல் நிற்கிறாள். அவர்களை வைத்துக்கொண்டு நிறுத்து என்றோ நிறுத்தாதே என்றோ நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கடையில் ஒரு ஈ காக்கை இல்லாமல் இருந்திருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, தண்ணீர் சுண்டிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மாத்திரை போட்டா எந்நேரமும் தூக்கம் தூக்கமா வருதும்மா. பிரஸ் மெஷின்ல தகட்டை வெக்கும்போதே கண்ணு சொருகிக்கினு போவுது. முந்தாநேத்து பக்கத்துல கீறவன் கையைப் புடிச்சி இழுக்கலன்னா விரல் போயிருக்கும். போடலன்னா எழுந்து பல்லு வெளக்கக்கூட முடியல. நீயும் அப்போ போட்டுக்கினு இருந்தியே, நிறுத்திடட்டுமா, நீயே சொல்லு" என்றாய். அந்த மெஷின் மேலேயிருந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அம்பத்தூருக்கு உன்னைப் பார்க்க வந்தபோது கம்பெனி ஜன்னல் வழியாகக் காட்டினாயே. இரும்புத் தகட்டையே ஒரே அடியில் வெட்டுகிறது, அதற்கு விரல் எம்மாத்திரம்! மாத்திரை போட்டால் உன் கைக்குப் பயம், போடாவிட்டால் உனக்கே பயம். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி பெற்றவளிடம் கேட்கிறாய். நான் பதிலாக எழுதுவதெல்லாம் எனக்கு நடந்தது மட்டும்தான். அதுவும் எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடாதது. குழப்பமாக இருந்தால் என்னைத் திட்டிக்கொள், ஆனால் கடைசிவரை படி.

நான் மாத்திரை சாப்பிட்டது உனக்குத் தெரியும், எதற்கு என்று தெரியாது. அம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று ஊருக்குச் சொன்னதையே உனக்கும் சொன்னோம். நீ அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாய். எனக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, உன் நைனாவுக்கு டிராக்டர் ஓட்டுகிற வேலை. ஏரியில் தண்ணீர் இருந்த வருஷம் அது, இரண்டு போகமும் விளைந்தது. ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குக் குழப்பம். புருஷன் குடிக்கிறான், பிள்ளை தறுதலை, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் அழுவதற்கு ஒரு நியாயம் உண்டு. எனக்கு எந்த நியாயமும் இல்லாமல் ஒருநாள் எழுந்தபோது உடம்பு நனைந்த சாக்கு மூட்டை மாதிரி கனத்தது. அடுப்பைப் பார்த்தால் பயம். முகம் கழுவ வேண்டும் என்பதே மலைப்பாக இருந்தது. "இன்னாடி குறை உனுக்கு?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். தெரிந்தால் சொல்லமாட்டேனா? காற்று கருப்பு என்றார்கள், கயிறு கட்டினார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, ஏதோ செய்ய வேண்டும் என்றுதானே செய்தார்கள். கடைசியில் உன் பெரியம்மாதான் என்னை பஸ் ஏற்றி செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் இதற்கு மனச்சோர்வு என்று, உனக்கு இப்போது சொல்லியிருக்கிற அதே பேரைச் சொல்லி, மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும், பொறுமையாக இருக்க வேண்டும் என்றார்.

முதலில் வந்தது நல்லது இல்லை, கெட்டதுதான். அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். வாய் காய்ந்துபோய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெளிக்குப் போவது பெரிய பாடு. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், சோற்றுக் குண்டானை இறக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். ஜாக்கெட் எல்லாம் கையில் ஏறவில்லை. "நல்லா சதை போட்டுட்டியே, இன்னா சாப்புடறே?" என்று கேட்டவர்களுக்கு சத்துணவு முட்டை என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். எல்லாவற்றையும்விட, ருசி போய்விட்டது. ஒருநாள் சாம்பாரை வாயில் விட்டுப் பார்க்கிறேன், சப்பென்று இருக்கிறது. உப்புப் போட்டேன். திரும்பவும் பார்த்தேன், சப்பென்றுதான் இருந்தது. இன்னும் போட்டேன். அதற்கும் மேலே ஒரு கை அள்ளிப் போட்டேன். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் ஹெட்மாஸ்டர் ருசி பார்க்க வேண்டும் இல்லையா, அவர் ஒரு வாய் வைத்துவிட்டு ஓடிப்போய்த் துப்பினார். "இன்னாம்மா இது, மரக்காணம் உப்பளத்தையே கொண்டாந்து கொட்டிட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சமைக்கிறவளுக்கு நாக்கு போனால் அப்புறம் அவளிடம் என்ன இருக்கிறது? உனக்குக் கை எப்படியோ எனக்கு நாக்கு அப்படி. அன்றைக்கு நீயும் தட்டோடு வரிசையில் நின்றாய், ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

சரி, கெட்டது மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. எப்போது என்று தெரியாமல் ஒருநாள் நானாகவே தலை வாரிக்கொண்டேன். இன்னொரு நாள் நீ சொன்ன ஏதோ கதையை முழுதாகக் கேட்டேன். காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் ஏறி உட்கார்கிற கனம் கொஞ்சம் தாமதமாக வர ஆரம்பித்தது. ஆனால் நல்லது பூனை மாதிரி சத்தம் போடாமல் வருகிறது, கெட்டதுதான் தட்டுமுட்டுச் சாமானை உருட்டிக்கொண்டு வருகிறது. அதனால் எனக்கு மாத்திரை என்றாலே காய்ந்த வாயும் உப்புச் சாம்பாரும்தான். தலை வாரிக்கொண்டது என் கணக்கில், ருசி போனது மாத்திரையின் கணக்கில் என்று நானாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். அது சரியா தப்பா என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் உனக்கு அம்மை போட்டது. முகம், முதுகு, உள்ளங்கால் என்று ஒரு இடம் விடவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை கட்டினோம், தாளிப்பை நிறுத்தினோம், வெளியாள் யாரையும் உள்ளே விடவில்லை. உன் நைனா அலமாரியில் இருந்த என் மாத்திரைக் கவரை எடுத்து, மாட்டுக்கொட்டகைக் கூரையின் எரவாணத்தில் சொருகிவிட்டு வந்தார். "ஆத்தா வூட்ல கீறா. இங்கிலீஷ் மருந்து வாசனையே ஆவாது. புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் நீயும் மாத்திரை துன்ன வாணாம்" என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. பேசுவேனா? நான் ஒரு மாத்திரையை முழுங்கி, அதனால் ஆத்தா கோபித்துக்கொண்டு உனக்கு ஏதாவது ஆனால்? எனக்கு அந்த மாத்திரை மேல் ஏற்கெனவே இருந்த கசப்பும் சேர்ந்துகொண்டது. உன் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொண்டே, நல்லதாகப் போயிற்று என்று உள்ளுக்குள் நினைத்தேன்.

முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றைப் புரட்டியது, உடம்பு நடுங்கியது, தூக்கம் இல்லை. உனக்குக் கண்விழித்துப் பார்த்துக்கொள்வதால்தான் என்று நினைத்தோம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? வாயில் எச்சில் ஊறியது. உனக்கு ஆற்றி வைத்த கூழை ஒரு வாய் குடித்தேன், அதில் கேழ்வரகின் புளிப்பு தெரிந்தது. உப்பு போடாத கூழ்! அதைவிட ருசியாக நான் எதையும் சாப்பிட்டது இல்லை. தலை சுற்றல் போனது. காலையில் சுறுசுறுப்பாக எழுந்து வாசல் பெருக்கினேன். உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து உன் நைனா, "புள்ளையப் பாக்க வந்த ஆத்தா உன்னியும் சரி பண்ணிட்டுப் போயிட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் நம்பினேன். கொட்டகையில் சொருகிய கவர் அங்கேயே கிடந்தது.

மகனே, இந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படி. மாத்திரையை விட்டதும் வந்த அந்த நல்ல நாட்கள் பொய் இல்லை. வாய் ஊறியது நிஜம், தலை தெளிந்தது நிஜம். ஆனால் போனது மாத்திரை கொடுத்த தொந்தரவு மட்டும்தான். நோய் போகவில்லை. அது இவ்வளவு நாள் மாத்திரைக்குப் பயந்து பின்கட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறது, எனக்கு அது தெரியவில்லை. நாற்று நட ஆரம்பித்த சமயத்தில் பழைய கனம் வந்தது. முதலில் காலையில் மட்டும், அப்புறம் மத்தியானம், அப்புறம் நாள் முழுக்க. ருசி தெரிகிற நாக்கு இருந்தது, சாப்பிடப் பிடிக்கவில்லை. தலை சுற்றவில்லை, ஆனால் எழுந்து நிற்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. அப்போது எனக்குச் செத்துப்போக வேண்டும் என்று தோன்றியது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அடுத்த வரியை எழுதுகிறேன். தோன்றியது கண்ணு. நீ பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டே தோன்றியது. நான் இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி என்று அது எனக்குச் சொன்னது, நான் அதை நியாயம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பவும் உன் பெரியம்மாதான் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் துணியை எடுத்துக் கூடையில் வைத்தாள். இந்தத் தடவை உன் நைனாவும் கூட வந்தார். டாக்டர், மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதும், "அம்மை போட்டிருந்துச்சி சார்" என்று நைனா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "யாருக்கு, இவங்களுக்கா?" "இல்ல சார், புள்ளைக்கு." டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. வாய் காய்ந்ததையும் ருசி போனதையும் அப்போதுதான் சொன்னேன். "வாய் காயுது, உப்பு தெரியலன்னு எங்கிட்ட அப்பவே ஏன்மா சொல்லல?" என்றார். "மாத்திரைன்னா அப்பிடித்தான் இருக்கும்னு இருந்துட்டேன் சார்" என்றேன். "சொல்லியிருந்தா வேற மாத்திரை பாத்திருக்கலாம், அளவைக் கொறைச்சிருக்கலாம். நிறுத்தறதா இருந்தாலும் ஒரேயடியா நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாதான் இறக்கணும்" என்றார். புது மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றால் போட்டுப் பார்த்துத்தான் தெரியும் என்றும் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. டாக்டர் என்றால் தெரியும் என்று சொல்ல வேண்டாமா? ஆனால் இப்போது யோசித்தால், தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதுவே பெரிய விஷயம் என்று படுகிறது.

புது மாத்திரையில் வாய் காயவில்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. ஹெட்மாஸ்டர் இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கனம் மெள்ள மெள்ள விலகியது. ஆனால் வேறு ஒன்று போயிற்று. அது என்ன என்று உனக்குத் தெரியும், என் மேல் உனக்கு இருக்கிற மனத்தாங்கலே அதுதான். பெரியம்மா செத்தபோது நான் அழவில்லை. கூடப் பிறந்தவள், என்னை இரண்டு தரம் பஸ் ஏற்றிக் காப்பாற்றியவள், நடுக்கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். பொம்பளைகள் எல்லாம் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். நானும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்கிறேன், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. துக்கம் உள்ளே இருப்பது தெரிகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது மாதிரி. "கல்லு மாதிரி குந்திக்கினு கீறா பாரு" என்று யாரோ சொன்னார்கள். நீ அதைக் கேட்டாய். பெரியம்மா கையால் வளர்ந்தவன் நீ. வீட்டுக்கு வந்ததும், "உனுக்கு மனசே கிடையாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரை போட்டால் அழுகை வராது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே சந்தேகம்தான். மாத்திரையா, இல்லை நானே அப்படி ஆகிவிட்டேனா? நான் கல் ஆகிவிட்டேனோ என்று பயந்தேன். அந்தப் பயம்கூட முழுசாக வரவில்லை.

டாக்டரிடம் இந்தத் தடவை சொன்னேன். சிலருக்கு அப்படி ஆவது உண்டு என்றார். உடனே குறைக்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் நன்றாக இருங்கள், பிறகு இறக்கலாம் என்றார். நன்றாக இருந்தேன். அந்த நாட்களில்தான் நீ பத்தாவது பாஸ் ஆனாய், சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாய். எனக்குச் சந்தோஷம் பாதிதான் வந்தது. அதை இப்போது சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் வேறு மாதிரியும் பார்க்கிறேன். பாதிச் சந்தோஷத்தோடாவது அந்த வாசலில் நான் நின்றேனே. மாத்திரை எனக்கு அழுகையை எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்கிற வாய்ப்பைக் கொடுத்தது. இந்த வியாபாரம் எனக்கு லாபமா நஷ்டமா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருநாள் லாபம் என்று தோன்றுகிறது, பெரியம்மா வீட்டுப் பக்கம் போனால் நஷ்டம் என்று தோன்றுகிறது.

அப்புறம் டாக்டர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். நீ அம்பத்தூருக்குப் போன பிறகு ஒருநாள் சோறு குழைந்துவிட்டது. அவ்வளவுதான், குழைந்த சோற்றைப் பார்த்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நிறுத்தவே முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் வாயிலிருந்து அக்கா அக்கா என்று வந்தபோதுதான் யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. உன் நைனா பயந்துபோய் ஓடி வந்து, "இன்னாடி ஆச்சி, மறுபடியும் வந்துடுச்சா?" என்றார். "ஒண்ணும் இல்லய்யா, அழுவுறேன்" என்றேன், அழுதுகொண்டே சிரித்தேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னோடு உட்கார்ந்து அந்தக் குழைந்த சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டார்.

இதெல்லாம் சொல்லிவிட்டு நிறுத்து, நிறுத்தாதே என்று எதைச் சொல்வது? என் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு. எனக்கு நாக்கைப் பிடித்தது, உனக்குக் கண்ணைப் பிடிக்கிறது. வேறு மாத்திரை மாற்றுவார்களா, ராத்திரிக்கு மட்டும் என்று நேரம் மாற்றுவார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். அதனால் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நான் வருகிறவரை மாத்திரையை நீயாக விடாதே. நான் வருகிறவரை அந்த மெஷின் பக்கம் போகாதே. சூப்பர்வைசரிடம் உடம்பு சரியில்லை, தலை சுற்றுகிறது என்று சொல்லி லீவு போடு. லீவு கொடுக்கவில்லை என்றால் பேக்கிங்கில் போடச் சொல்லு. அதுவும் இல்லை என்றால் வேலையை விட்டுவிட்டு ரூமில் தூங்கு. மெண்டல் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படாதே. சொன்னால் சொல்லட்டும், என்னையும்தான் சொன்னார்கள், சொன்ன வாயோடு என் சாம்பாரையும் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், திங்கட்கிழமை இரண்டு பேரும் உனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போவோம். மெஷினில் கண் சொருகியதை நீ சொல்ல வேண்டும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், சத்தமாகவே சொல்வேன்.

இன்னொன்று இருக்கிறது. இவ்வளவு பக்கமும் அதைக் கேட்கப் பயந்துதான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. பல்லு வெளக்க முடியவில்லை என்றாய். அந்த மாதிரி காலையில் எனக்கு வந்த நினைப்பு உனக்கும் வருகிறதா? செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா கண்ணு? கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டது மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அப்போது என்னைச் சுற்றி இருந்தவர்கள் சாப்ட்டியா, தூங்கினியா, இன்னா குறை என்று எல்லாம் கேட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கேட்டவர் யாராக இருந்தாலும், அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காதே. ஆமாம் என்றால் இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு இப்போதே கிளம்பி வா. பஸ் இருக்கிற நேரமா என்றெல்லாம் பார்க்காதே. கதவைத் தாழ் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா